சவுக்குத் தோப்பு, உப்பங்கழி, கார் கூரை: எந்தக் கயிறு, எந்த முடிச்சு?

தோப்புமுகாம் (புதுச்சேரி)
வணக்கம். வீராம்பட்டினம் பக்கம் கடற்கரையை ஒட்டின சவுக்குத் தோப்பில் பசங்களுக்குப் பகல் முகாம் போடப் போறோம். 12க்கு 15 அடி தார்ப்பாய் ஒண்ணு, ஹேமக் (மரத்துக்கு மரம் கட்டற தொங்கு படுக்கை) ரெண்டு. சுண்ணாம்பாறு பக்கம் ஓட்ட ஒரு கயாக் (துடுப்புப் போடற சின்னப் படகு), அது கார் கூரை மேல் வரணும். கையில் இருக்கிறது 8 மி.மீ. மஞ்சள் கயிறு, 30 மீட்டர். முடிச்சு போட்டா கொஞ்ச நேரத்தில் தானா நழுவுது, காத்து இழுத்தா உடனே. வீடியோவில் நாற்பது முடிச்சு காட்டுறாங்க. எது எது போதும்? எதை முதலில் கத்துக்கொடுக்கணும்? இந்தக் கயிறே வேணாமா?

முதுநகர்வலை (கடலூர் ஓ.டி.)
முடிச்சைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி கயிறு என்னன்னு பாருங்க. ஒரு சாண் வெட்டி வாளித் தண்ணியில் முக்கி, விரலால் நல்லாப் பிழிஞ்சு உள்ளே இருக்கிற காத்தை வெளியேத்திட்டு விடுங்க. மேலே வந்து மிதந்தா அது பிபி (பாலிப்ரொப்பிலீன்) கயிறா இருக்கும், இல்ல ஹெச்.டி. (பாலிஎத்திலீன்) கயிறா இருக்கும். பிபியின் அடர்த்தி 0.91, ஹெச்.டி. சுமார் 0.95. முழுகினா நைலான் (1.14) அல்லது பாலியஸ்டர் (1.38). உங்க மஞ்சள் கயிறு மிதக்கும்னு நினைக்கிறேன்.

மிதக்கிற ரெண்டு ஜாதியும் வழவழப்பு, அதோட விறைப்பு. முடிச்சுங்கிறது கயிறு மேல் கயிறு அழுத்திப் பிடிக்கிற உராய்வுதான். விறைப்பான கயிறு வளைவிலிருந்து நேராகப் பார்க்கும், வழவழப்பு அதுக்கு வழி விடும். பாரம் ஏறி இறங்கி ஆடும்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நூலளவு நகர்ந்து கடைசியில் வால் உள்ளே போயிடும். காத்தில் படபடக்கிற தார்ப்பாய் செய்யறது இதைத்தான்.

அதுக்காகத் தூக்கிப் போடாதீங்க. தண்ணியில் விழுந்தவருக்கு எறியற கயிறு மிதக்கணும், அதுக்கு இதுதான் சரி. 15 மீட்டர் தனியா சுருட்டி வச்சுக்குங்க. மீதியைத் தார்ப்பாய்க்குப் போடாம, 4 அல்லது 5 மி.மீ. பின்னல் பாலியஸ்டர் வாங்கிக்குங்க. நைலான் வேணாம். நனைஞ்சா 10 முதல் 15 சதவீதம் பலம் குறையும், அதை விட முக்கியம், நீளும். மழையில் தார்ப்பாய் தொய்ஞ்சு நடுவில் தண்ணி தேங்கும்.

சாரணர்டீச்சர் (புதுச்சேரி)
பசங்களுக்குன்னா ஐந்து முடிச்சு போதும், இந்த வரிசையில்: ரவுண்ட் டர்ன் போட்டு ரெண்டு ஹாஃப் ஹிட்ச், பவ்லைன் (சுருங்காத கண்ணி), இரட்டை ஷீட் பெண்ட் (இரண்டு கயிற்றை ஒட்ட), லாரிக்காரர் இறுக்குக் கட்டு, டாட்லைன் (நகர்த்தி இறுக்குகிற முடிச்சு). ஆறாவது வேணும்னா ப்ரூஸிக் (பெரிய கயிற்றைக் கவ்வுகிற சின்னக் கண்ணி). க்ளோவ் ஹிட்சை (கம்பத்தில் இரண்டு சுற்று குறுக்காகப் போட்டு, நுனியை இரண்டாவது சுற்றுக்கு அடியில் நுழைப்பது) நான் தனி முடிச்சாகச் சொல்லித் தருவதில்லை. வழவழப்பான கம்பத்தில் சுழன்று வரும், பாரம் விட்டு விட்டு வந்தால் தளரும். கழி கட்ட ஆரம்பிக்கிற முடிச்சாக மட்டும் அது நல்லது.

பேச்சு குழம்பாமல் இருக்க இரண்டு பெயர் வைத்துக்கொள்வோம். கையில் பிடித்துக் கட்டுகிற முனை *நுனி*. இழுபடுகிற நீளப் பக்கம் *பாரக்கயிறு*.

முதல் முடிச்சு. நுனியை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, இன்னொரு முறையும் முழுசாகச் சுற்றுங்கள். மரத்தின் பின்பக்கம் இரண்டு கயிறு தெரிய வேண்டும். இந்த இரண்டு சுற்றுதான் பாரத்தைத் தாங்குகிறது. அதனால்தான் கயிறு இழுத்துக்கொண்டிருக்கும்போதே இதைக் கட்டவும் முடியும், அவிழ்க்கவும் முடியும். பிறகு நுனியைப் பாரக்கயிற்றின் மேலே கொண்டுபோய், சுற்றி அடியில் எடுத்து, உண்டான இடைவெளிக்குள் நுழைத்து இறுக்குங்கள். அது ஒரு ஹாஃப் ஹிட்ச். அதே திசையில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து பாரக்கயிற்றின் மேல் க்ளோவ் ஹிட்ச் மாதிரி படிய வேண்டும். இரண்டாவதைத் திருப்பிப் போட்டால் இரண்டு நுனியும் ஒரே பட்டைக்குக் கீழே வந்து நிற்கும், பிடிப்பு குறையும். பசங்கள் செய்கிற தவறில் பாதி இதுதான்.

பயிற்சிக்கு 8 மி.மீ. பருத்திக் கயிறு, ஆளுக்கு 2 மீட்டர், இரண்டு நிறத்தில் வாங்குங்கள். எது எங்கே போகிறது என்று எட்டி நின்றே பார்க்கலாம். பருத்தி உராய்வு அதிகம் உள்ளது, முடிச்சு நிற்கும். அதிலே கைப்பழக்கம் வந்த பிறகுதான் பிபி கயிற்றைக் கையில் கொடுங்கள், அதே முடிச்சு எப்படி நழுவுகிறது என்று அவர்களே பார்க்கட்டும்.

தோப்புமுகாம்
நன்றி டீச்சர். பவ்லைன் சில நேரம் சரியா வருது, சில நேரம் இழுத்தவுடனே கையோடு வந்துடுது. வளையம் கிணறு, நுனி முயல், பாரக்கயிறு மரம்; முயல் கிணத்திலிருந்து வந்து மரத்தைச் சுத்தித் திரும்ப இறங்கும்னு சொல்ற அதே வரிசையில்தான் போடுறேன்.

செஞ்சிப்பாறை
நீங்கள் முதலில் போடும் சின்ன வளையம் தலைகீழாக விழுகிறது. முயல் சரியான பாதையில் போனாலும் கிணறு தப்பாக இருந்தால் முடிச்சு இல்லை.

பாரக்கயிறு உங்களுக்கு எதிரே தள்ளிப் போகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வளையம் போடும்போது நுனிப் பக்கம் பாரக்கயிற்றின் *மேலே* படிய வேண்டும். இப்போது நுனியை வளையத்தின் *அடியிலிருந்து* மேலே எடுங்கள். பாரக்கயிற்றின் பின்னால் சுற்றி, வந்த வழியே வளையத்துக்குள் கீழே இறக்குங்கள். பாரக்கயிற்றை ஒரு கையிலும், வாலையும் அதன் பக்கத்துக் கண்ணிக் கயிற்றையும் சேர்த்து இன்னொரு கையிலும் பிடித்து இறுக்குங்கள். வளையத்தில் நுனிப் பக்கம் அடியில் போயிருந்தால், நுனியை மேலே எடுத்தவுடன் பிடிக்க ஒன்றுமே இருக்காது, அதுதான் கையோடு வருகிறது.

போட்டபின் சரிபார்க்க ஒரே அடையாளம்: வால் கண்ணிக்கு *உள்ளே* தொங்க வேண்டும். வாலின் நீளம் கயிற்றுக் கனத்தைப் போல் குறைந்தது 12 மடங்கு. 8 மி.மீ.க்குப் பத்து செ.மீ.க்குக் குறையக் கூடாது, பிபியில் அதன் இரண்டு மடங்கு.

பவ்லைனுக்கு ஒரு குறை உண்டு. பாரம் இல்லாமல் குலுங்கினால் தளரும், விறைப்பான கயிற்றில் சீக்கிரம். வாலை எடுத்துப் பக்கத்துக் கண்ணிக் கயிற்றில் இரட்டைச் சுற்று ஓவர்ஹேண்ட் ஒன்று போட்டு இறுக்கினால் அந்தக் குறை தீரும். ஆள் பாரம் ஏறுகிற எந்த இடத்திலும் நான் பவ்லைனுக்குப் பதில் எட்டு முடிச்சுதான் சொல்வேன். எட்டு வடிவம் சரியா தப்பா என்று பக்கத்தில் நிற்பவர் ஒரு பார்வையிலேயே சொல்லிவிடலாம்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இங்கே நாம் பேசுகிற எந்தக் கயிறும் பாறை ஏற அல்ல. அதற்கு அடையாளம் பொறித்த, நீண்டு அதிர்ச்சியை வாங்குகிற தனிக் கயிறு வேண்டும், கூட இருந்து கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும்.

முதுநகர்வலை
// பவ்லைனுக்குப் பதில் எட்டு முடிச்சுதான் //

பாறைக்கு ஒத்துக்கறேன். படகில் எட்டு சரிப்படாது தம்பி. நனைஞ்சு பாரம் ஏறின எட்டை அவிழ்க்க ஆணி வேணும். பவ்லைன்னா பாரம் இறங்கினவுடனே, பாரக்கயிறைக் கவ்வியிருக்கிற வளைவைக் கட்டை விரலால் முன்னாடி தள்ளினா போதும், விட்டுக்கொடுக்கும். அதே நேரம், பாரம் இழுத்துக்கிட்டு இருக்கும்போது பவ்லைனை அவிழ்க்கவே முடியாது. அலை தூக்கி ஆட்டற படகை அவசரமா விடுவிக்கணும்னா வெட்டத்தான் வேணும். அதனால துறையில் கம்பத்தில் கட்டற முனைக்கு டீச்சர் சொன்ன ரவுண்ட் டர்ன், படகில் நிரந்தரமா இருக்கிற முனைக்குப் பவ்லைன் இல்லன்னா புரி கோத்த கண்ணி (முடிச்சு இல்லாம, புரியைப் பிரிச்சுக் கயிறுக்குள்ளேயே கோக்கறது). எந்த முனையை அவசரத்தில் விடணுமோ அந்த முனையில் பவ்லைன் போடக் கூடாது.

சாரணர்டீச்சர்
அண்ணன் சொன்னதோடு ஒன்று. சுற்றுப் போடும்போது கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்கவே கூடாது என்று பசங்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். படகு ஒரு அலைக்கு நகர்ந்தால் போதும், கயிற்றுக்கும் கம்பத்துக்கும் நடுவில் விரல் மாட்டும். உள்ளங்கையால் பிடி, சறுக்கினால் விடு. கழுத்தில் எந்தக் கண்ணியும் விளையாட்டுக்குக்கூடப் போடக் கூடாது.

லோடுகட்டு (விழுப்புரம் ரோடு)
கயாக் விஷயம் நம்ம ஏரியா. டீச்சர் சொன்ன லாரிக்காரர் இறுக்குக் கட்டுதான் இது. கூரை ரேக்கோட ஒரு பக்கக் கம்பியில் ரவுண்ட் டர்ன் போட்டுக் கட்டுங்க. கயிறைப் படகு மேல போட்டு எதிர்ப்பக்கம் வாங்க. கம்பிக்குக் கொஞ்சம் மேல, தொங்கற கயிறிலேயே ஒரு உருவாஞ்சுருக்குக் கண்ணி போடணும். இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. கண்ணிக்காக உள்ளே இழுத்தெடுக்கிற மடிப்பு, *கீழே கம்பிக்குப் போற பக்கத்துக்* கயிறிலிருந்து வரணும். மேல படகுப் பக்கத்திலிருந்து எடுத்தா, இறுக்கும்போது கண்ணி உள்ளே உருவிக்கிட்டுக் காணாமப் போயிடும். போட்டதும் கண்ணியை ஒரு கையில், மேல் கயிறை ஒரு கையில் பிடிச்சு நல்லா இழுத்துப் பாருங்க. நின்னா சரி.

அப்புறம் நுனியைக் கம்பிக்கு அடியில் விட்டு மேல கொண்டுவந்து, கண்ணிக்குள் நுழைச்சு, கீழே இழுங்க. இறுகினதும் கண்ணியில் நுனி திரும்பற இடத்தை ரெண்டு விரலால் நசுக்கிப் பிடிச்சுக்குங்க, இல்லன்னா இறுக்கினதெல்லாம் போயிடும். பிடிச்சபடியே அதுக்குக் கீழே ரெண்டு ஹாஃப் ஹிட்ச், ரெண்டாவதை மடிப்பா விட்டுப் போட்டா இறக்கற இடத்தில் ஒரே இழுப்பில் அவிழும்.

கயாக்குக்கு லாரி மாதிரி முட்டுக் கொடுத்து இழுக்காதீங்க. அது பிளாஸ்டிக், வெயிலில் இளகி ரேக் கம்பி பதிஞ்சு குழி விழும். குறுக்கே ரெண்டு கட்டு. முன் மூக்கிலிருந்தும் பின் மூக்கிலிருந்தும் வண்டியோட இழுவைக் கொக்கிக்குத் தனித்தனிக் கயிறு, கையால் தட்டினா லேசா அதிரற அளவு இறுக்கம் போதும். பம்பர் பிளாஸ்டிக்கில் கட்டாதீங்க. ஈ.சி.ஆரில் எதிரே பஸ் போனா அடிக்கிற காத்தில் மூக்குதான் முதல்ல தூக்கும். பத்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி ஒரு தடவை இறுக்கம் பாருங்க, புதுக் கட்டு கண்டிப்பா கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

தோப்புமுகாம்
இந்தக் கட்டு மூணு மடங்கு பலம் தரும்னு எல்லா வீடியோவிலும் சொல்றாங்களே, அப்போ கயாக் உடைஞ்சிடாதா?

செஞ்சிப்பாறை
மூன்று மடங்கு என்பது இரண்டு வளைவிலும் கப்பி இருந்தால். இங்கே கயிறு ஒரு முறை இரும்புக் கம்பியில் உரசித் திரும்புகிறது, ஒரு முறை கயிற்றிலேயே உரசித் திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் பாதி பலம் உராய்வில் போகிறது என்று வைத்துக்கொண்டால் 1 + ½ + ¼, ஆக ஒன்றேமுக்கால் மடங்குதான். கையால் 20 கிலோ இழுத்தால் 35 கிலோ வரும். ஆனால் அந்த உராய்வே இன்னொரு பக்கம் உதவி செய்கிறது. இறுக்கினதை விரலால் நசுக்கிப் பிடிக்க முடிவது அதனால்தான்.

பிபி கயிற்றில் ஒன்று கவனியுங்கள். அது சுமார் 165 டிகிரியில் உருகும். ஒரே கண்ணியில் வேகமாக, திரும்பத் திரும்ப இழுத்தால் கண்ணியின் உள்பக்கம் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். அது உருகி உறைந்த தடம். அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள், அடுத்த முறை அறுவது அங்கேதான்.

பந்தல்கழி (கடலூர்)
தார்ப்பாய்க்கு வரேன். மணலில் முளை நிக்காது. ஒரு அடி முளையை எவ்வளவு அடிச்சாலும் நாலு படபடப்புக்கு வெளியே வந்துடும். சாக்கு எடுங்க, முக்கால் பங்கு மணல் ரொப்பி வாயைக் கட்டுங்க. ஒன்றரையிலிருந்து ரெண்டு அடிப் பள்ளம் தோண்டி, தார்ப்பாய் இழுக்கிற திசைக்குக் *குறுக்கே* சாக்கைப் படுக்க வைங்க. நடு இடுப்பில் ரவுண்ட் டர்ன் போட்டுக் கயிறைக் கட்டணும். பள்ளத்திலிருந்து தார்ப்பாய்ப் பக்கமா கயிறு போற வழிக்கு ஒரு சாய்வு வாய்க்கால் வெட்டுங்க. இதை வெட்டாம மூடினா கயிறு நேர் மேல் நோக்கி இழுத்து சாக்கைத் தூக்கிடும். சாய்வா இழுத்தா முன்னாடி இருக்கிற மணல் பூரா எதிர்த்து நிக்கும். மூடினப்புறம் ஒரு வாளித் தண்ணி ஊத்தி மிதிச்சு விடுங்க. சாக்குக்குப் பதில் ரெண்டடி சவுக்குக் கழியும் போடலாம்.

தார்ப்பாய் மூலையில் இருக்கிற அலுமினிய வளையத்தை நம்பாதீங்க, கடற்கரைக் காத்தில் அது பிய்ஞ்சு தனியா வந்துடும். நெல்லிக்காய் அளவு கூழாங்கல்லைத் தார்ப்பாயின் உள்பக்கம் வச்சு, வெளிப்பக்கம் கல்லுக்குப் பின்னாடி கழுத்து மாதிரி வர்ற இடத்தில் க்ளோவ் ஹிட்ச் போட்டு இறுக்குங்க. எந்த இடத்தில் வேணும்னாலும் இப்படிப் புது மூலை உண்டாக்கிக்கலாம்.

சாரணர்டீச்சர்
அந்தச் சாக்குக் கயிற்றின் மேல்முனையில் ஒரு பவ்லைன் கண்ணி போடுங்கள், அங்கேதான் டாட்லைன் வரும். தார்ப்பாயின் கூழாங்கல் கட்டில் கயிற்றைக் கட்டிவிட்டு, நுனியை மண்ணிலிருந்து வரும் கண்ணிக்குள் நுழைத்துத் திருப்புங்கள். இப்போது நுனியைப் பாரக்கயிற்றின் மேல், கண்ணியை நோக்கி நகர்ந்தபடி *உட்பக்கம்* இரண்டு சுற்று. பிறகு அந்தச் சுற்றுகளைத் தாண்டி *வெளிப்பக்கம்*, தார்ப்பாயை நோக்கி ஒரு ஹாஃப் ஹிட்ச், அதே திசையில். முடிச்சைக் கையால் பிடித்து நகர்த்தினால் நகரும், கயிறு இழுத்தால் நிற்கும். வழவழப்பான கயிற்றில் உட்பக்கம் மூன்று சுற்று போடுங்கள். அதிலும் நழுவினால் முடிச்சை மாற்றிப் பயனில்லை, கயிற்றை மாற்றுங்கள்.

பருத்தி, சணல் கயிறு கட்டினால் மாலையில் பனியோ மழையோ பட்டதும் சுருங்கி இழுக்கும், சாக்கையே அசைத்துவிடும். இருட்டும் முன்பு டாட்லைனை ஒரு விரற்கடை தளர்த்தி வையுங்கள்.

பந்தல்கழி
ஆமாம். தேங்காய் நார்க் கயிறும் இங்க மோசமில்ல. சொரசொரப்பா இருக்கறதால எந்த முடிச்சும் நிக்கும், உப்புத் தண்ணியும் அதைச் சீக்கிரம் ஒண்ணும் பண்ணாது. கழி கட்டறதுக்கு நான் நனைச்ச நார்க் கயிறுதான் எடுப்பேன், வளைஞ்சு கொடுக்கும்.

முகாமில் ரெண்டு சவுக்குக் கழியைக் குறுக்கே கட்டறதா இருந்தா, 3 அங்குலக் கழிக்கு ஒரு கட்டுக்கு 15 அடி கயிறு எடுத்துக்குங்க. நிக்கிற கழியில், குறுக்குக் கழிக்கு நேர் கீழே க்ளோவ் ஹிட்ச். மிச்ச வாலைப் பாரக்கயிறோட முறுக்கி விடுங்க. குறுக்குக் கழிக்கு முன்னாடி, நிக்கிற கழிக்குப் பின்னாடி, மறுபடி முன்னாடின்னு மூணு சுற்று, ஒவ்வொரு சுற்றும் முந்தினதுக்குப் பக்கத்தில், மேல ஏறாம. அதுக்கப்புறம் ரெண்டு கழிக்கும் *நடுவில்* அந்தச் சுற்றுகளையே கவ்வி ரெண்டு சுற்று, கால் கொடுத்து இழுத்து. கட்டோட இறுக்கம் பூரா இந்த நடுச் சுற்றில்தான். குறுக்குக் கழியில் க்ளோவ் ஹிட்ச் போட்டு முடிங்க. நடுச் சுற்றை விட்டுட்டு மேல்சுற்றையே ஆறு ஏழு போடறவங்க கட்டு சாயங்காலத்துக்குள் ஆட ஆரம்பிச்சிடும்.

தோப்புமுகாம்
ஹேமக் பத்தி யாராவது. தொய்யாம இருக்கணும்னு நேர் கோடா இழுத்துக் கட்டினா போதுமா?

செஞ்சிப்பாறை
அதுதான் செய்யக் கூடாதது. கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால், 80 கிலோ ஆள் படுத்தால் ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் 80 கிலோ இழுப்பு. அதையே 10 டிகிரிக்கு இழுத்துக் கட்டினால் ஒவ்வொரு பக்கமும் 230 கிலோ. குழந்தை குதித்து ஏறினால் இன்னும் மேலே. கை நீட்டி கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் துப்பாக்கி மாதிரி விரித்து, விரல் நுனிகளை இணைக்கும் கோட்டோடு கயிறு ஒத்துப் போகிறதா பாருங்கள், ஏறக்குறைய 30 டிகிரி வந்துவிடும். நடுவில் உட்கார்ந்தால் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் போகக் கூடாது. கட்டு அறுந்தாலும் விழுகிற உயரம் அவ்வளவுதான்.

8 மி.மீ. பிபி புதுசாக சுமார் 1000 கிலோவில் அறும். முடிச்சு போட்டாலே மூன்றில் ஒரு பங்கு போகும், சில முடிச்சில் பாதி. வெயிலில் கிடந்த கயிற்றில் இன்னும் எவ்வளவு போயிருக்கிறது என்று வெளியே தெரியாது. ஆள் பாரத்துக்குப் புதுக் கயிற்றின் பலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நான் கணக்கில் எடுப்பதில்லை. அப்படிப் பார்த்தால் 100 கிலோதான், 80 கிலோ ஆள் கொஞ்சம் குலுங்கினாலே அதைத் தாண்டும், அதனால் உங்கள் மஞ்சள் கயிற்றில் ஹேமக் கட்டவே கூடாது. 2 அங்குல நாடாப் பட்டை வாங்குங்கள், மரப்பட்டையும் பிழைக்கும்.

பந்தல்கழி
மரத்தையும் பாருங்க. தொடை கனத்துக்குக் குறைஞ்ச சவுக்கில் கட்டாதீங்க. மணலில் நிக்கிற சவுக்கு வேரோட சாயும். அடியில் மண் வெடிச்சிருந்தா, ஒரு பக்கம் வேர் தெரிஞ்சா அந்த மரம் வேணாம். மேல காஞ்ச கிளை தொங்குதான்னு அண்ணாந்து பாருங்க.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் காத்து திரும்பற நாளில் தோப்பே வேணாம். 2011 டிசம்பர் 30ல் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறினப்போ பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் படுத்தது எல்லாருக்கும் தெரியும். 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் புயலும் இங்கதான் ஏறினது. ரெண்டும் வடகிழக்குப் பருவம்தான்.

உப்பனாறு
ரெண்டு கயிறை ஒட்டுப் போட ரீஃப் முடிச்சு போதாதா? பள்ளிக்கூடத்தில் அதுதான் சொல்லிக்கொடுத்தாங்க. இடம் மேல வலம், வலம் மேல இடம்.

சாரணர்டீச்சர்
கட்டுத்துணியைக் கட்ட, மூட்டை வாயைக் கட்ட, தார்ப்பாயைச் சுருட்டிக் கட்ட அது நல்ல முடிச்சு. உள்ளே இருக்கும் பொருள் முடிச்சைத் தாங்கிப் பிடிக்கும் இடத்தில் மட்டும். பாரம் இழுக்கிற இரண்டு கயிற்றை ஒட்டுவதற்கு அல்ல. ரீஃப் முடிச்சு போட்டு, ஒரு பக்கத்து வாலையும் அதே பக்கத்துப் பாரக்கயிற்றையும் எதிரெதிராக வெடுக்கென்று இழுங்கள். அந்தக் கயிறு நேராகிவிடும், மற்றது அதன் மேல் வெறும் வளையமாகச் சறுக்கிக்கொண்டு வெளியே வரும். பசங்களுக்கு இதைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள், பிறகு எங்கேயும் தப்பாகப் போட மாட்டார்கள்.

முதுநகர்வலை
ஒட்டுக்கு இரட்டை ஷீட் பெண்ட். வலைக்கண் முடிச்சும் இதே அமைப்புதான். ரெண்டு கயிறில் கனமானதை மடிச்சுக் கண்ணியாப் பிடிங்க. மெல்லிசுக் கயிறோட நுனியைக் கண்ணிக்கு அடியிலிருந்து மேல எடுங்க. கண்ணியோட ரெண்டு காலையும் சேர்த்துப் பின்னாடி சுத்துங்க. முன்னாடி வந்ததும் கண்ணிக்குள்ளே போகாம, தன் கயிறுக்கே அடியில் நுழைங்க. இது ஒத்தை. இன்னொரு தடவை ரெண்டு காலையும் சுத்தி அதே இடத்தில் அடியில் நுழைச்சா இரட்டை. ரெண்டு வாலும் முடிச்சோட *ஒரே பக்கம்* வரணும். எதிரெதிர்ப் பக்கம் வந்தா பிடிப்பு குறைவு, அவிழ்த்துட்டு மறுபடி போடுங்க.

பருத்தி நூல் வலைக்கு ஒத்தை முடிச்சு போதுமா இருந்தது. வழவழப்பான நைலான் நரம்பு வந்தப்புறம் இரட்டை வேணும்னு ஆச்சு. கயிறு வழுக்கினா ஒரு சுற்று கூட்டு, அவ்வளவுதான் கணக்கு. கனம் ஒரே மாதிரி இருந்து அவிழ்க்கவே தேவையில்லன்னா இரட்டை ஃபிஷர்மேன் போடுங்க. ஒவ்வொரு நுனியும் அடுத்த கயிறு மேல் ரெண்டு சுற்று சுத்தித் தன் சுற்றுக்குள்ளேயே நுழையும், ரெண்டையும் இழுத்தா பக்கத்தில் பக்கத்தில் வந்து பொருந்தும். முதுகுப் பக்கம் நாலு கோடும் ஒரே சாய்வா தெரிஞ்சா சரி.

செஞ்சிப்பாறை
ப்ரூஸிக் கண்ணிக்கும் அந்த ஃபிஷர்மேன்தான். மரத்துக்கு மரம் கட்டிய 5 மி.மீ. கயிற்றில் தார்ப்பாயின் இரு பக்கத்தையும் பிடித்து நிறுத்த 3 மி.மீ. நைலான் கயிற்றில் கண்ணி செய்து, பெரிய கயிற்றைச் சுற்றித் தனக்குள்ளேயே மூன்று முறை நுழைத்து எடுங்கள். கண்ணிக் கயிறு மெல்லிசாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே கனம் என்றால் சரியாகக் கவ்வாது. சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் படிந்தால்தான் பிடி வரும்.

உப்பனாறு
புயல் எச்சரிக்கை வந்தா ஃபைபர் படகை எப்படிக் கட்டறது? கரைக்கு இழுக்க இடம் இல்லாதப்போ.

முதுநகர்வலை
நெருக்கிக் கட்டாதீங்க, அதுதான் முதல் விஷயம். கடல் ஏறும்போது குட்டைக் கயிறு படகு மூக்கைக் கீழே இழுத்துத் தண்ணி ரொப்பும். தண்ணி ஆள் உயரம் ஏறினாலும் கயிறு மிச்சம் இருக்கிற மாதிரி நீளம் விடுங்க. இங்க நைலான்தான் வேணும். தார்ப்பாய்க்கு ஆகாத அந்த நீட்சி இங்க அலையோட வெடுக்கு இழுப்பை வாங்கிக்கும். ரெண்டு தனி இடத்தில் ரெண்டு தனிக் கயிறு. ஒரே கம்பத்தில் ரெண்டு கயிறு கட்டி ரெண்டுன்னு நினைச்சுக்காதீங்க.

அறுவது பெரும்பாலும் முடிச்சில் இல்ல, படகு விளிம்பில் உரசற இடத்தில். தோட்டத்து ரப்பர் குழாயை ஒரு முழம் வெட்டி நீளவாக்கில் பிளந்து, உரசற இடத்தில் கயிறுக்கு மாட்டி, ரெண்டு முனையையும் மெல்லிசுக் கயிறால கட்டுங்க. நிரந்தர முனைக்கு முடிச்சு வேணாம், புரி கோத்த கண்ணி போடுங்க. முடிச்சில் மூணில் ஒரு பங்கு பலம் போகும், சரியா கோத்த கண்ணியில் பத்தில் ஒரு பங்குதான். மூணு புரி நைலானுக்கு ஒவ்வொரு புரியையும் குறைஞ்சது அஞ்சு தடவை கோக்கணும். நாரில் மூணு போதும், நைலானில் மூணு போட்டா உருவிடும். நங்கூரம் போட்டா ஆழத்தைப் போல் அஞ்சிலிருந்து ஏழு மடங்கு கயிறு விடுங்க.

லோடுகட்டு
கயிறு முனை பிரியறதுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். டேப் சுத்தி, டேப் நடுவிலேயே வெட்டுங்க. நெருப்பில் காட்டி உருக்கினா உருகினதைக் கையால உருட்டாதீங்க, தோலோட ஒட்டிக்கும். ஈரக் கட்டைத்துண்டு வச்சு அமுக்குங்க. ரொம்ப நாள் இருக்கணும்னா நூல் சுத்துங்க, கயிறு கனத்தைப் போல் ஒன்றரை மடங்கு அகலம்.

பந்தல்கழி
கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணியில் அலசி நிழலில் காய வைங்க. உள்ளே புகுந்த மணல் ஒவ்வொரு இழுப்புக்கும் நாரை அறுக்கும். வெயிலில் காய வச்சா பிபி கெடும். மேல்பக்கத்தைத் தேய்ச்சா கையில் வெள்ளைத் தூள் ஒட்டுதுன்னா, புரியைத் திருகிப் பிரிச்சு உள்பக்க நிறத்தைப் பாருங்க. வெளியே வெளுத்து உள்ளே பளிச்சுன்னு இருந்தா அந்தக் கயிறு செடிக்கு முட்டுக் கொடுக்க மட்டும் ஆகும்.

தோப்புமுகாம்
பாலியஸ்டர் 5 மி.மீ., பட்டை ரெண்டு, சாக்கு எட்டு எழுதிக்கிட்டேன். கடைசியா ஒண்ணு: நனைஞ்சு இறுகின முடிச்சை நகத்தால நோண்டி நகம்தான் போகுது.

முதுநகர்வலை
நகமும் வேணாம், கத்தி முனையும் வேணாம், நார் அறும். முடிச்சோட முதுகில் கயிறு வளைஞ்சு போற பட்டையைத் தேடி, அதைப் பாரக்கயிறு பக்கமா முன்னும் பின்னும் மடக்குங்க. கொஞ்சம் விட்டதும் பாரக்கயிறை முறுக்கி விறைப்பாக்கி முடிச்சுக்குள்ளே தள்ளுங்க, இழுக்காதீங்க. அதுக்கும் வரலன்னா கூர் சீவின மூங்கில் முளை, பென்சில் கனம், ஒரு சாண் நீளம். நுனியை மழுங்கத் தேய்ச்சு, பட்டைக்கு அடியில் விட்டுத் திருகுங்க. பை ஓரத்தில் ஒண்ணு கட்டித் தொங்க விட்டுக்குங்க.